பால்கனி, பெஞ்சு, தரை

டிசம்பர் 3

மருமகளுக்கு,

நேற்று போனை வைத்தது நான்தான். லைன் தானாகவே போய்விட்டது என்று நீ நினைத்திருந்தால் அது உன் பெருந்தன்மை. நாம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் கத்துகிறோம். பக்கத்து வீட்டு லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார். அதனால் இனிமேல் கடிதம் எழுது, நானும் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. உன் புருஷன் எப்போது கூப்பிடுவான் என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து நான் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் லைன் கிடைக்காமல் விட்டுவிடுவான். ஒரு காரியத்தை இரண்டாம் தடவை முயற்சி செய்யும் பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆடு செத்துப்போய்விட்டது.

'பண்ணை வைக்கப் போறேன்' என்று சினை ஆடு ஒன்றை வாங்கி வந்து என் தலையில் கட்டிவிட்டு, வேலை பார்த்துவிட்டு இரண்டே மாதத்தில் வருகிறேன் என்று பஸ் ஏறினான் அல்லவா உன் புருஷன்? அந்த ஆடு போன வாரம் மூன்று குட்டி போட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. அது விழ வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குக் குட்டிகளைத் துடைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆடு தலையைத் தூக்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நேத்தே கூப்பிட்டிருக்கணும்மா" என்றார். எல்லா டாக்டர்களும் இந்த வசனத்தை எங்கே போய்ப் படித்துவிட்டு வருகிறார்களோ தெரியவில்லை.

காலமெல்லாம் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்தவள் நான். கை நுழைகிற ஓட்டைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மனுஷர்களை அதட்டத் தெரியும். ஆட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? டாக்டர் ஒரு பாட்டிலும் ரப்பரும் கொடுத்து, "பசும்பால் குடுங்க, உடம்புச் சூட்டுல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குட்டிகளுக்குப் பெயர் வைத்துவிட்டேன். பிறந்த அன்றைக்கே கட்டில்மேல் ஏறப் பார்த்த பெரிய கிடாக்குட்டி பால்கனி. நடுவில் உள்ள பயந்தாங்கொள்ளிக் கிடா பெஞ்சு. பெட்டைக்குட்டி நோஞ்சான், நிற்கவே மாட்டாமல் தரையோடு தரையாகக் கிடக்கிறது. அதனால் அவள் தரை.

ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு வா. அவன் வரும்போது குட்டிகளாவது உயிரோடு இருக்க வேண்டாமா?

உன் அத்தை


டிசம்பர் 14

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. ஹாஸ்டல் வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "உங்க அத்தை நல்லா எழுதுறாங்க, அடுத்தது எப்ப வரும்?" என்று கேட்டார். பார்த்து எழுதுங்கள்.

லீவு கிடையாது. இங்கே என் வேலை என்னவென்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை, நானே சொல்கிறேன். மாத்திரை அட்டைகள் பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். மாத்திரை விழாத காலிக் குழி எதிலாவது இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இருந்தால் அந்த அட்டையை எடுத்துத் தூரப் போட வேண்டும். அவ்வளவுதான். ஒரு நாள் வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

ஆட்டுக்காக வருத்தப்பட்டேன். ஆனால் அதை உங்கள் மகன் என்னைக் கேட்டு வாங்கவில்லை. ஆடு வந்த பிறகுதான் என் வளையல் எங்கே என்று நான் தேடினேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் இதுவும் போன் மாதிரி ஆகிவிடும்.

என்னோடு மெஷினில் சீல் போடும் அக்கா வீட்டில் தலைமுறையாக ஆடு வைத்திருக்கிறார்கள். அவரிடம் கேட்டேன். "புதுசா குட்டி போட்ட ஆடு யார்கிட்டயாவது இருக்கும். அவங்ககிட்ட குடுத்துடச் சொல்லு. பாட்டில்ல வளத்த குட்டி மனுஷங்க பின்னாடியேதான் சுத்தும், அப்புறம் பிரிக்கிறது கஷ்டம்" என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன். கொடுத்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ராத்திரி குளிரும், ஜன்னலை அடைத்துப் படுங்கள்.

மருமகள்


ஜனவரி 20

மருமகளுக்கு (வார்டனுக்கும் வணக்கம்),

கொடுக்கவில்லை. கேட்டுப் பார்த்தேன், பால் கொடுக்கிற ஆடு யாரிடமும் இல்லை என்று எழுதினால் நீ நம்புவாய். ஆனால் நான் கேட்கவே இல்லை.

முதல் பத்து நாள் நான் தூங்கவில்லை. பால்கனி பாட்டிலைப் பிடுங்கிக் குடிப்பான், பெஞ்சு அவன் குடித்து முடிக்கும் வரை மூலையில் நிற்பான். தரைக்கு உறிஞ்சவே தெரியவில்லை. என் சுண்டு விரலைப் பாலில் நனைத்து வாயில் வைத்து வைத்துப் பழக்கினேன். ஒருநாள் கப்பென்று பிடித்துக்கொண்டாள். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? லாண்டரிக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர், "அப்படியா, சட்டைக்குக் கஞ்சி போடணுமா?" என்றார்.

அப்புறம் ஒரு கூத்து. பசி என்று கத்தினால் கொடுக்க வேண்டியதுதானே என்று கத்தும்போதெல்லாம் கொடுத்தேன். மூன்றுக்கும் கழிச்சல் பிடித்துக்கொண்டது. வீடு முழுக்க நாற்றம். டாக்டர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "குட்டி பசிக்குன்னு மட்டும் கத்தாதும்மா, நீங்க எழுந்து போனாலும் கத்தும்" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்னவாம்?

குளிருக்கு உன் புருஷனின் பழைய சட்டைகளை வெட்டிப் போர்த்தியிருக்கிறேன். நீலக் கோடு போட்டது பெஞ்சுக்கு. நீ கோபப்படாதே, அவன் வந்தால் புதுச் சட்டை வாங்கிக்கொள்ளட்டும். இப்போது மூன்றும் வீட்டுக்குள்ளேதான். டிரங்குப் பெட்டிமேல் ஏறிக் கட்டிலுக்குத் தாவி, அங்கிருந்து என் வயிற்றில் குதிக்கின்றன. கடைக்குப் போனால் வரிசையாகப் பின்னால் வருகின்றன. தெருவில் உள்ளவர்கள், "டிக்கெட்டம்மா, ஹவுஸ்ஃபுல்லா?" என்று கேலி செய்கிறார்கள்.

போன வாரம் போன் அடித்தது. ஓடிப் போய் எடுத்தேன். லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வைக்க மனசில்லாமல் சாப்பிட்டாயா என்று விசாரித்தேன். பாவம், அவளே வைத்துவிட்டாள்.

உன் அத்தை


மார்ச் 9

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைச் சீல் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குட்டிகளுக்கு எத்தனை மாதம் என்று கேட்டார், சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

"கிடாக்குட்டி மூணு மாசம் தாண்டினா பெட்டையோட விடக் கூடாது. அண்ணன் தங்கச்சின்னு அதுங்களுக்குத் தெரியாது. ஒண்ணு காயடிச்சிடணும், இல்லேன்னா வேற இடத்துக்குக் குடுத்துடணும். சின்னப் பெட்டை சினை பிடிச்சா குட்டி போடத் தாங்காது."

தரையை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். கிடாக்கள் இரண்டையும் அனுப்பிவிடுங்கள். உங்கள் மகன் வந்து கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அவர் கோபம் ஒன்றும் புதிதில்லை.

மருமகள்


மார்ச் 22

மருமகளுக்கு,

இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் கோபம்தான் வந்தது. உன் சீல் அக்கா தொழிற்சாலையில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக் குட்டிகளுக்கு ஜாதகம் பார்க்க வேண்டாம். அவை பால்குடி மறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இன்னும் ஒன்றின்மேல் ஒன்று தலை வைத்துத்தான் தூங்குகின்றன.

ஆனாலும் நீ சொன்னாயே என்று மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரை வரச் சொன்னேன். அவர் பையிலிருந்து இடுக்கி மாதிரி ஒன்றை எடுத்தார். பெஞ்சு ஓடி வந்து என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடுங்கினான். "நீங்க கிளம்புங்க" என்று கம்பவுண்டரை அனுப்பிவிட்டேன். கறிக்கடைக்காரரும் வந்தார். பால்கனியின் முதுகைத் தடவித் தடவி எடை பார்த்தார். அவரையும் கிளம்பச் சொல்லிவிட்டேன்.

நான் சொல்வதை நீ புரிந்துகொள். அவன் போகும்போது ஒரு ஆட்டை விட்டுவிட்டுப் போனான். வந்து, அம்மா ஆடு எங்கே என்று கேட்டால், செத்துவிட்டது, ஆனால் மூன்று குட்டி இருக்கிறது பார் என்று நான் காட்ட வேண்டும். அவன் பண்ணை அதுதான். அதில் ஒன்றைக்கூட யாருக்கும் தர முடியாது. ஒன்றைக் கொடுத்தால் அவன் வரமாட்டான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நீ ஒத்துக்கொண்டுவிட்டாய், அதனால்தான் உனக்குச் சொல்வது சுலபமாக இருக்கிறது.

உன் அத்தை


ஆகஸ்ட் 10

அத்தைக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நான் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று எழுதினீர்கள். ஆமாம், ஒத்துக்கொண்டுவிட்டேன்.

நம் தெரு மூலை வீட்டு லாரிக்காரர் இங்கே அட்டைப்பெட்டி இறக்க வந்தார். என்னைப் பார்த்ததும் சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறினார். நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். போன மாதம் வேறொரு ஊரில் டயர் கடையில் வண்டியை நிறுத்தினாராம். அங்கே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தது உங்கள் மகன். நல்ல உடம்போடு இருக்கிறாராம். ஒரு பெண் சாப்பாடு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாளாம். லாரிக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். உங்கள் மகன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆளை மாத்திப் பாத்துட்டீங்க" என்று சொல்லி மறுபடி குனிந்துகொண்டாராம்.

நான் அழவில்லை. அன்றைக்குக் காலிக் குழி ஒன்றைத் தவறவிட்டேன், சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டினார். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது இன்னொன்று. நவம்பரில் கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். இங்கிருந்து இரண்டு நாள் பயணம். வருகிறவர்களுக்கு ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள குவார்ட்டர்ஸ் தருவார்கள், குடும்பத்தில் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம். என் குடும்பம் என்று உங்களைத்தான் சொல்லப் போகிறேன். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? வந்துவிடுங்கள் அத்தை. போனில் கத்தியதை நேரில் கத்திக்கொள்ளலாம்.

மருமகள்


ஆகஸ்ட் 27

மருமகளுக்கு,

லாரிக்காரருக்குக் கண் சரியில்லை. கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே கண்ணாடி தேடுகிற மனுஷன். டயர் கடைக்காரனே ஆளை மாற்றிப் பார்த்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டான், அப்புறமும் என்ன சந்தேகம்? என் பிள்ளை அம்மாவின் தெருக்காரனைப் பார்த்தால் ஓடி வந்து கட்டிக்கொள்வான். உன் புருஷனைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவதா?

நான் எங்கும் வருவதாக இல்லை. வீடு பூட்டிக் கிடந்தால் வருகிறவன் எங்கே போவான்?

மற்றபடி நலம். தரை நன்றாகத் தேறிவிட்டாள். நோஞ்சானாக இருந்தவள் இப்போது வயிறு உருண்டு, மினுமினுவென்று இருக்கிறாள். எல்லாம் என் கைப்பக்குவம். உன் சீல் அக்காவிடம் சொல். பால்கனிதான் நாற்றம் தாங்கவில்லை, தன் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொண்டு மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு திரிகிறான். பெரிய மன்மதன் என்று நினைப்பு.

உன் அத்தை


அக்டோபர் 16

மருமகளுக்கு,

தரை போய்விட்டாள்.

தேறிவிட்டாள் என்று எழுதினேனே, அது சினை. எனக்குத் தெரியவில்லை. சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று பூரித்துப்போய் இன்னும் ஒரு பிடி அதிகமாக வைத்தேன். நேற்றுக் காலையில் சுவரோரம் நின்று முக்கினாள். வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். கத்த ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "இது இன்னும் குட்டிதானேம்மா, எப்படி சினையாச்சு? கிடாக்களைப் பிரிக்கவே இல்லையா?" என்று கேட்டார். ஆடு திருடினவள் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே ஒரே குட்டி. அதுவும் பெரியது. கையை விட்டு இழுத்தார், வரவில்லை. தரையின் இடுப்பு என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. கடைசியில் வெளியே எடுத்தபோது குட்டிக்கு உயிர் இல்லை, அவளுக்கும் பாதிதான் இருந்தது. ஊசி போட்டுவிட்டு டாக்டர் கையைக் கழுவப் போய்விட்டார். சாயங்காலம் வரை என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். வாயைத் துடைத்துவிடப் போன என் விரலைப் பிடித்து உறிஞ்சினாள், பாட்டிலுக்குப் பழக்கின நாளில் உறிஞ்சின மாதிரியே. நான் என்ன பாவம் செய்தேன் என்று அழவில்லை. என்ன பாவம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நீ மார்ச்சிலேயே எழுதினாய். கிடாக்களைக் கொடுத்திருந்தால் அவள் இருந்திருப்பாள். அவன் வந்தால் காட்ட வேண்டும், காட்ட வேண்டும் என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்து நான்தான் அவளைக் கொன்றேன். காட்டுவதற்கு ஆளும் வரவில்லை.

அனுப்ப வேண்டியவர்களை வேளையோடு அனுப்ப வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. இத்தனை வருஷம் படம் முடிந்தால் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே விட்ட இடத்தில்தான் வேலை பார்த்தேன், என்ன பிரயோஜனம்?

நீ சொன்ன அறையில் ஜன்னல் இருக்கிறதா?

அத்தை


அக்டோபர் 24

அத்தைக்கு,

இருக்கிறது. இரண்டு ஜன்னல் என்று சொல்கிறார்கள்.

உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. தரை தேறிவிட்டாள் என்ற வரியைச் சீல் அக்காவுக்குப் படித்துக் காட்டியபோதே அவர், "அடியேய், அது சினைடி, உடனே டாக்டருக்குச் சொல்லச் சொல்லு, ஊசி போட்டுக் கலைச்சிடலாம்" என்றார். நான் எழுதவில்லை. லாரிக்காரர் சொன்னதை நீங்கள் நம்பவில்லையே என்ற ஆத்திரம். அனுபவிக்கட்டும் என்றுகூட நினைத்தேன் அத்தை. தரை அனுபவித்தாள்.

இனி இதை நாம் இரண்டு பேரும் எழுத வேண்டாம். நவம்பர் 18-ஆம் தேதி ராத்திரி கம்பெனி பஸ் இங்கிருந்து கிளம்புகிறது. அன்று காலையிலேயே நீங்கள் வந்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்பேன். கம்பெனி ஸ்டோரில் சொல்லி இரண்டு கட்டிலுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். கிடாக்களுக்கு மட்டும் நல்ல இடமாகப் பாருங்கள். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மருமகள்


நவம்பர் 8

மருமகளுக்கு,

கிடாக்களைக் கொடுத்துவிட்டேன்.

வளர்ந்த கிடா என்றால் வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் கறிதான் தெரிகிறது. ஒருத்தி தோட்டத்தில் புல் மேய்க்க வேண்டும் என்று வந்தாள். பால்கனியின் வாசனை பட்டதும் திரும்பியே பார்க்காமல் போனாள். கடைசியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளை இருக்கிறதல்லவா, அதன் காவல்காரர் வந்தார். அவரிடம் பெட்டை ஆடுகள் இருக்கின்றன, கிடா வேண்டுமாம். "வெட்ட மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன். "வெட்டறதுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்?" என்றார். அதை நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

பெஞ்சு பக்கத்தில் யாராவது நின்றால் தண்ணீர் குடிக்க மாட்டான், இடி இடித்தால் தலையில் கை வைக்க வேண்டும், பால்கனியை முதலில் கவனித்தால்தான் இவனை விடுவான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தெருமுனை வரை போனேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால்கூட இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, ஆடுதானே" என்றார். பால்கனி கல்யாண மாப்பிள்ளை மாதிரி முன்னால் நடந்தான். பெஞ்சு நடுரோட்டில் படுத்துவிட்டான், தூக்கிக்கொண்டுதான் போனார்.

வீடு கழுவிவிட்டேன். சாவியை லாண்டரிக்காரரிடம் கொடுக்கப் போகிறேன். உன் புருஷன் வந்தால் முகவரியைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன், அதற்காக நீ முறைக்காதே. போனையும் எடுத்து வருகிறேன். 18-ஆம் தேதி காலை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம்.

அத்தை


நவம்பர் 18

அத்தைக்கு,

காலையில் வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி உள்ளே பார்த்தேன். மத்தியானமும் பார்த்தேன். கண்டக்டர் ஒருவர், "யாரும்மா வரணும்?" என்று கேட்டார். எங்க அம்மா என்று சொல்லிவிட்டேன், அத்தை என்று விளக்க நேரமில்லை. உங்கள் போனுக்கு அடித்தேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. நீங்கள் எடுக்கவில்லை.

லாண்டரிக்காரருக்கு அடித்துக் கேட்டேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார். வீட்டில்தான் இருக்கிறீர்களாம்.

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே புது முகவரி இருக்கிறது. ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.


நவம்பர் 21

மருமகளுக்கு,

கிளம்பினேன். பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் பெஞ்சு நின்றான்.

கழுத்தில் அறுந்த கயிறு, முட்டியெல்லாம் சிராய்ப்பு. என்னைப் பார்த்துக் கத்தக்கூட இல்லை. நேராகப் போய் நான் பூட்டின கதவில் தலையை வைத்து முட்டினான். திறக்கவில்லை என்றதும் மறுபடி முட்டினான்.

அப்போதும் நேரம் இருந்தது. லாண்டரிக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். இவனைச் சூளையில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று தூக்கிக்கொண்டு நடந்தேன். அங்கே பால்கனியைக் காணவில்லை. காவல்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணு போதும்மா, பெரிசை வேற இடத்துல விட்டுட்டேன்" என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. "இது அன்னையிலேருந்து வாயில ஒண்ணும் வைக்கலை" என்று பெஞ்சைக் காட்டினார். திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரயில் பாதையைத் தாண்டி, லாரி போகிற ரோட்டைத் தாண்டி, ஒருத்தரும் வழி காட்டாமல் இந்தப் பயந்தாங்கொள்ளி வீட்டுக்கு வந்திருக்கிறான். ஆடு வருகிறது. வந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது. கொஞ்சம் முன்னால் நான் கிளம்பியிருந்தால் யார் திறந்திருப்பார்கள்? இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்துவிட்டேன். நீ போன் அடித்தபோது எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் வந்துவிடுவேன் என்று எடுக்கவில்லை.

ஆட்டுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். ஒன்றும் இல்லை. லாரிக்காரர் சரியான ஆளைத்தான் பார்த்திருக்கிறார், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். பெற்றவளுக்கு இந்தக் கேடு, உனக்கு என்ன வந்தது?

ஒன்று சொல்ல வேண்டும். நான் 'உன் புருஷன், உன் புருஷன்' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். நீ 'உங்கள் மகன்' என்று திருப்பி எழுதினாய். யார் தலையில் கட்டுவது என்று இரண்டு பேரும் ஒரு வருஷமாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். நீ எழுதியதுதான் சரி. அவன் என் மகன். உனக்கு அவன் இனி ஒன்றும் இல்லை. யாராவது கேட்டால் அவன் அம்மாவே சொல்லிவிட்டாள் என்று சொல். வேறு யாரையாவது பிடித்திருந்தால் கட்டிக்கொள். பிடிக்காவிட்டால் தனியாக இரு. இந்த வீட்டுக்கு மட்டும் வராதே. தரைக்குச் செய்ததை உனக்கும் செய்ய மாட்டேன். அவனுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பேன், நீ வந்தால் திறக்க மாட்டேன்.

மாத்திரை அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கண் போய்விடும். நடுநடுவே ஜன்னல் பக்கம் பார்.

அத்தை


டிசம்பர் 6

அத்தைக்கு,

வந்து சேர்ந்தோம். இரண்டு ஜன்னலில் ஒன்று பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்க்கிறது. இன்னொன்று திறக்கவில்லை, பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீல் அக்கா வரவில்லை, வீட்டில் விடவில்லையாம். அதனால் உங்கள் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. நானே இரண்டு மூன்று தடவை படித்தேன். நீங்கள் என்னை விட்டுவிட்டீர்கள் என்று புரிகிறது. எங்கே போவது என்றுதான் புரியவில்லை.

கதவைத் திறக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, வரவில்லை. ஒரு கட்டிலை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் வைத்திருந்தேன், அறையில் நடக்க இடமில்லை.

பெஞ்சுக்கு நல்ல கயிறாக வாங்கிக் கட்டிப் போடுங்கள். அது இன்னொரு தடவை போய்விட்டால், இன்னொரு தடவை வரும் என்று நீங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

மருமகள்